மாமாவுக்கு நான் போட்ட விளக்கு

அந்த நாற்காலி வேண்டாம், வக்கீல் சார். அதில் உட்கார்ந்தால் ஜன்னல் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும், கொஞ்ச நேரத்தில் நெற்றி வலிக்கும். இப்படி வாருங்கள். வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள், வெளிச்சம் அவர்கள் முகத்தில் எப்படி விழுகிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான் படித்ததே அதைத்தான்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். என் நாத்தனார் சாரதாமணி காங்கேயத்திலிருந்து அனுப்பியிருக்கிறார். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார் ஆத்தப்பன், இந்தப் பனியன் கம்பெனியை என் பேருக்கும் என் கணவர் சசிகுமார் பேருக்கும் மாற்றிக் கொடுத்தது சுயபுத்தியோடுதானா, யாராவது மிரட்டினார்களா, மருந்து ஏதும் கொடுத்தார்களா என்று கேட்க வந்திருக்கிறீர்கள். மிரட்டவில்லை. மருந்தும் கொடுக்கவில்லை. சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை. பெரியவர்கள் சோற்றில் கை வைப்பதெல்லாம் எனக்கு ஆகாது. நான் விளக்கு மட்டும்தான் போட்டேன். முழுவதையும் சொல்கிறேன், காபி ஆறுவதற்குள் குடியுங்கள்.

பெங்களூரில் ஆஸ்பத்திரிகளுக்கு விளக்கு வடிவமைத்துக்கொண்டிருந்தவள் நான். சாதாரண எல்இடி அல்ல. நிறமும் அளவும் மாற்றக்கூடியது. காலையிலும் பகலிலும் நீலம் தூக்கலான வெள்ளை வெளிச்சம் வந்தால் உடம்பு விழித்துக்கொள்ளும். பொழுது சாயச் சாய வெளிச்சம் மஞ்சளாகி இறங்கினால் உடம்பு படுக்கச் சொல்லும். நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதற்குச் சாவி கொடுப்பது கண்ணில் விழும் வெளிச்சம்தான். நோயாளிகள் ஒழுங்காகத் தூங்கவும், நர்ஸ்கள் கண் எரியாமல் வேலை பார்க்கவும் இதை வைத்து எவ்வளவோ செய்யலாம். செய்தும் இருக்கிறேன். இப்போது எல்லாம் இந்த போனுக்குள்ளேயே வந்துவிட்டது. விரலால் தள்ளினால் போதும்.

கல்யாணமாகி திருப்பூர் வந்த புதிதில் சின்னச் சின்ன விளையாட்டுகள் விளையாடினேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாற்றும் விளக்குப் போட்டிருந்தேன். எழுந்திருக்காமல் ஊர் நியாயம் பேசும் பங்காளிகள் வந்தால் நீலத்தைக் கூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் முகத்தில் அடிக்கிற மாதிரி வைப்பேன். ரசம் ஊற்றுவதற்குள் செருப்பைத் தேடுவார்கள். உங்கள் கட்சிக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். "என்னமோங்க, தம்பி ஊட்டுக்குப் போனா உக்காரவே தோணறதில்லீங்க, திரும்பி வந்தாத்தான் நிம்மதி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அது அவருடைய சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குண்டடத்துப் பக்கம் மானாவாரிக் காடு விற்றுக் கம்பெனி வைத்தவர். அவருடைய மூலதனம் என்று எதையாவது சொல்லலாம் என்றால் அது கண்தான். பனியன் உடம்புக்கு ஒரு துணி, கழுத்துப் பட்டிக்கு ரிப் என்று வேறொரு துணி. இரண்டும் தனித்தனியாகச் சாயத்தில் இறங்கி வரும். நிறம் ஒரு மயிரிழை விலகினாலும் கழுத்து மட்டும் இரவல் வாங்கி ஒட்டியது போலத் தெரியும், வெளிநாட்டுக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் துணியை வெட்டுவதற்கு முன் யாராவது நிறத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மற்றக் கம்பெனிகளில் அதற்கென்று விளக்குப் பெட்டி இருக்கும். எங்கள் கம்பெனியிலும் ஒன்று இருந்தது. அதற்குள் மாமா டிபன் கேரியரை வைத்திருந்தார், சோறு சூடாக இருக்குமாம்.

அவர் பார்ப்பது அவருடைய அறையின் வடக்கு ஜன்னலில். சாயப்பட்டறை மாஸ்டர் இரண்டு துண்டுகளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, நிற்கிறவன் சட்டை நிறம் துணியில் அடிக்கும் என்பார். அது உண்மையும்கூட. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்ப்பார், திறந்து "ஆவட்டும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் கத்திரி துணியில் இறங்கும். கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு அது ரொம்ப உதவியாக இருந்தது.

அவர் மீது எனக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். கோபமே இல்லை. கம்பெனியில் தைத்து முடித்த பனியனைப் பிரித்துப் பார்க்கிற செக்கிங் பகுதியில் பெண்கள் நிறையப் பேர். எல்லாம் தெற்கிலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர்கள். தலைக்கு மேல் பழைய டியூப் லைட், பாதி துடித்துக்கொண்டே இருக்கும். மேற்பார்வை பார்க்கும் பாண்டியம்மாள் கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கறை தேடுவாள். "சாயங்காலம் ஆச்சுன்னா தலைய கழட்டி வச்சிட்டுப் போயிரலாமான்னு இருக்கும்மா" என்றாள் ஒருநாள். ஆஸ்பத்திரிக்கெல்லாம் விளக்குப் போட்டவள் வீட்டுக் கம்பெனியில் இந்த லட்சணமா? ஒரு மாதம் உட்கார்ந்து செக்கிங் கூடம் முழுவதற்கும் புது விளக்குத் திட்டம் போட்டேன். கண் கூசாது, நிழல் விழாது, காலை வேலைக்கு வெள்ளை, பொழுது சாய்ந்தால் இளமஞ்சள்.

மாமாவிடம் காட்டினேன். என் கணவர், கணக்குப் பிள்ளை, கட்டிங் மாஸ்டர் எல்லோரும் இருந்தார்கள். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனம்மிணி, சுச்சு போடறதுக்கா உங்கப்பன் பெங்களூர் வரைக்கும் அனுப்பிப் படிக்க வெச்சாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"சூரியன் சும்மா குடுக்கறத நாம எதுக்குக் கண்ணு காசு குடுத்து வாங்கோணும்? நான் இருக்கற வரைக்கும் இந்த டியூப்லைட்டுப் போதும். அப்பறம் நீங்க என்னமோ பண்ணிக்கங்க."

நான் இருக்கிற வரைக்கும் என்றார். அவர் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அந்த நாற்காலியில் இருக்க வேண்டாம் என்பது மட்டும்தான் என் அபிப்பிராயம்.

அந்த வருஷமே அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாள் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நான்தான் கூடவே இருந்தேன். சொட்டு மருந்து விட்டேன், தலை சாய்த்துப் பிடித்தேன். சாரதாமணி அக்கா ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து பார்த்துவிட்டு, வழக்கம் போலச் சீக்கிரம் கிளம்பிவிட்டார். டாக்டர் சொன்னதை வைத்து மாமாவின் கம்பெனி அறை ஜன்னலுக்கு வெளிச்சம் ஊடுருவாத திரை போட்டேன். அதற்குப் பதிலாக மேலே கண்ணுக்கு இதமான என் விளக்கு. பகல் வெளிச்சம் போலவே இருக்கும் மாமா, ஜன்னலில் பார்க்கிற மாதிரியே பார்க்கலாம் என்றேன். பார்த்தார், ஆச்சரியப்பட்டார். "நெசமாலுமே சூரியனப் புடிச்சு உள்ள வெச்சுட்டே கண்ணு" என்றார். அந்தப் பாராட்டு எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளை வெளிச்சத்தில் பல ஜாதி உண்டு, சார். பார்க்க எல்லாம் ஒன்று போல வெள்ளையாக இருக்கும். உள்ளே கலந்திருக்கும் நிறங்கள் வேறு. வெயிலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி ஒரு வெள்ளையில் நிறம் ஒட்டாமல் போகும். வெயிலில் ஒட்டாத இரண்டு துணி இன்னொரு வெள்ளையில் இரட்டைப் பிள்ளைகள் போல நிற்கும். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்ததும் எனக்கும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்வேன். எந்தத் துணியை எந்த வெள்ளை கவிழ்க்கும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வேன். பிறகு போனில் ஒரு தள்ளு. அவ்வளவுதான் என் குற்றம்.

முதலில் கருநீலம். நல்ல துணி, குறையே சொல்ல முடியாது. மாமா கதவைத் திறந்து, "ரிப்புல பச்ச அடிக்குது" என்றார். சாய மாஸ்டர் சகாயராஜுக்கு முகம் செத்துப்போனது. தூத்துக்குடிக்காரர், இருபது வருஷமாக மாமாவிடம் நல்ல பெயர் வாங்கியவர்.

"மொதலாளி, ஒரு எட்டு வெளிய வாங்க. வெயில்ல வச்சுப் பாத்துருவோம். ரெண்டும் ஒண்ணுதான்யா, என் பிள்ளை மேல சத்தியம்."

மாமா எழுந்துவிட்டார். எனக்கு அன்றுதான் உறைத்தது, வெயில் ஒன்றுதான் என் போனுக்கு அடங்காத விளக்கு. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, டாக்டர் என்னங்க சொன்னாரு? உங்க கண்ணு பெருசா, துணி பெருசா?"

என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாமா நெகிழ்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். துணி திரும்பச் சாயத்துக்குப் போனது. மறுநாள் நானே அவருக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போடாமல் அவர் வாசல்படி தாண்டக் கூடாது என்று வாட்ச்மேனிடமும் சொல்லி வைத்தேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கட்டிங் மாஸ்டர் தன் வீட்டில் போய்ச் சொல்லிச் சண்டை வந்ததாகக்கூடக் கேள்வி.

அடுத்தது ரோஸ். கைக்குழந்தைகள் போடும் சட்டை. அது நிஜமாகவே ஒட்டாத துணி, சகாயராஜே கொஞ்சம் தயங்கித்தான் கொண்டுவந்தார். என் வெளிச்சத்தில் மாமா "ஆவட்டும்" என்றுவிட்டார். வெட்டினார்கள், தைத்தார்கள். முடித்த பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சரக்கைச் சோதிக்க வந்த சுரேந்தர் என்ற பையன் ஒரு சட்டையை எடுத்து ஜன்னலில் பிடித்துவிட்டுச் சிரித்தான். சட்டை ஒரு ரோஸ், கழுத்து ஒரு ரோஸ்.

அந்த இடத்தில் நான் மாட்டியிருக்க வேண்டும். மாமா சாதாரண ஆள் இல்லை, நிறம் மாறித் தெரிந்தால் முதலில் விளக்கைத்தான் சந்தேகப்படுவார். சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் எதிர்பார்த்தபடியே, தன் அறைக்குத்தான் போனார். எந்த வெளிச்சத்தில் சரி சொன்னாரோ அதே வெளிச்சத்தில் திரும்பப் பார்ப்பதற்கு. அவர் பத்தடி நடப்பதற்குள் நான் விளக்கை நேர்மையான பகல் வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டேன். அதே அறை, அதே விளக்கு, அதே துணி. இப்போது அப்பட்டமாக ஒட்டவில்லை. கூடவே பார்த்த சாட்சி என்று ஒருவரும் கிடையாது, கதவைச் சாத்திக்கொண்டுதானே பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். என் கணவர் சகாயராஜைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார்.

"அவன வெய்யாதே சசி" என்றார் மாமா. "அவன் மேல ஒரு தப்புமில்ல. நாந்தான் பாத்தேன். எப்பிடிப் பாத்தேன்னுதான் தெரியல."

இப்படி ஒரு நல்ல மனிதரா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சகாயராஜைச் சம்பள உயர்வோடு பெருந்துறையில் தெரிந்தவர் பட்டறைக்கு அனுப்பிவைத்தேன். வெயிலில் பார்ப்போம் என்று சொல்கிறவர் பக்கத்தில் இருப்பது மாமாவின் உடம்புக்கு நல்லதில்லை. யார் பிழைப்பிலும் நான் மண்ணைப் போட்டதில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு வீட்டு விளக்குகளுக்கு வந்தேன். மாமாவின் படுக்கையறையில் காலையில் மங்கலான மஞ்சள் வைத்தேன். படுக்கிற நேரத்தில் உச்சி வேளை வெள்ளை, அதையும் ஒரேயடியாக மாற்றாமல் தினமும் துளித்துளியாக மாற்றினேன். கண் பழகிக்கொள்ளும், உடம்புக்குத்தான் குழப்பம். மாமா ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்து, பகலில் கம்பெனி மேசையில் தலை சாய்த்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது கண் சொருகும். விழித்து, "இப்ப என்ன பொழுதுங்க?" என்று கேட்பார். பேர்கள் மறந்தன. பாண்டியம்மாளைப் பத்து வருஷம் முன்பு வேலையை விட்டுப் போன யாரோ ஒருத்தி பேரால் கூப்பிட்டார். பெரியவருக்கு வயசாயிருச்சு என்று முதலில் சொன்னது நான் இல்லை. டாக்டர்தான் சொன்னார். நான் மறுத்துக்கூடப் பேசினேன்.

ஒருநாள் என்னையும் என் கணவரையும் கூப்பிட்டார். இரண்டு துணித்துண்டு மேசையில் கிடந்தது. அவற்றை அவர் பார்க்கவில்லை.

"என்னால முடியலீங் கண்ணு. பாத்துச் சொல்லறதுக்கே பயமா இருக்குது. ஒரு தப்புல இத்தன பேரு சோறு போயிரும். நீ படிச்சவ. எடுத்துக்க."

அவரே சொன்னார், அவரே வக்கீலைக் கூப்பிட்டார், அவரே கையெழுத்துப் போட்டார். என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். யாரும் மிரட்டவில்லை என்றேனே, சரிதானே?

மறு மாதமே கூடத்தில் விளக்கு மாறியது. போகும்போது நீங்களே பாருங்கள். ஒரு நிழல் விழாது. துடிக்கிற டியூப் ஒன்றுகூட இல்லை. பாண்டியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தலவலின்னா என்னன்னே மறந்துபோச்சும்மா, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். இத்தனை பேர் கண் ஒரு தட்டில், ஒருவர் கண் இன்னொரு தட்டில். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

கம்பெனிதான் கைக்கு வந்துவிட்டதே, அப்புறமாவது அவர் விளக்கைச் சரிசெய்திருக்கலாமே என்று கேட்க வாயெடுக்கிறீர்கள். செய்யத்தான் நினைத்தேன். பகலைப் பகலாகவும் இரவை இரவாகவும் வைத்தால் கொஞ்ச நாளில் பழையபடி தெளிந்துவிடுவார், அது எனக்குத் தெரியும். தெளிந்தால் யோசிப்பார். யோசித்தால் ரோஸ் சட்டையில் வந்து நிற்பார். அந்த வயதில் அவருக்கு அப்படி ஒரு அதிர்ச்சி தேவையா? அதனால் மாடியில் ஒரு தனி அறை அமைத்தேன். ஜன்னல்களை அடைத்து, அடைத்தது தெரியாமல் அழகான திரை. உள்ளே பொழுது விடிவதும் சாய்வதும் என் கையில். விருந்தாளி வந்தால் மாமாவைத் தூங்க வைப்பேன். சாரதாமணி அக்கா வரும்போதெல்லாம் அப்பா தூங்கிக்கொண்டிருப்பது அதனால்தான். இப்போதும் தூங்குகிறார்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று ஆச்சரியமாக இருக்கும். எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் விளக்குக்காரியை யாரும் கவனிப்பதில்லை சார், வெளிச்சத்தில் இருக்கிற பொருளைத்தான் பார்ப்பார்கள். ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நீங்கள் கோர்ட்டில் போய் என்ன சொல்வீர்கள்? கண் ஆபரேஷன் ஆன மாமனாருக்கு மருமகள் நல்ல விளக்குப் போட்டாள் என்றா? தாராளமாகச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் மனசை அறுக்கிறது. போன வாரம் மாடிக்குப் போனேன். மாமா படுக்கையில் இல்லை. குளியலறைக் கதவு திறந்திருந்தது. மேலே வெண்டிலேட்டர் இருப்பதை நான் மறந்துவிட்டிருந்தேன், என் தொழிலில் இருக்கிறவள் செய்யக்கூடாத பிழை. அதன் வழியாக உள்ளங்கை அகலத்துக்கு வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத் தரையில் முட்டி போட்டு, அந்த வெயிலுக்குள் இரண்டு துணித்துண்டுகளைச் சேர்த்து வைத்து மாமா பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கு ஏதாவது இருக்கட்டும் என்று நான்தான் அந்தத் துண்டுகளைக் கொடுத்திருந்தேன்.

"வா அம்மிணி" என்றார். "இது ரெண்டும் வேற வேற."

"ஒண்ணுதானுங்க மாமா."

"அந்த ரூமுக்குள்ள ஒண்ணு. இங்க வேற." வெயிலில் இருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "என்ற கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங் கண்ணு. புத்தியிலயும் இல்ல. உன்ற வெளக்குத்தான் பொய் சொல்லுது. எதுக்கு அப்பிடிப் பண்ணினே?"

தூக்கி நிறுத்தி, ஈர வேட்டியை மாற்றி, கண்ணாடியைப் போட்டுவிட்டுப் படுக்க வைத்தேன். தூங்கும் வரை வெளிச்சத்தை இறக்கிக்கொண்டே இருந்தேன். மறுநாள் ஆள் வைத்து வெண்டிலேட்டரை அடைத்தேன். பிறகு காரில் தனியாக உட்கார்ந்து அழுதேன் சார், நிஜமாகவே அழுதேன். ஊரே என்ன சொன்னாலும், மாமாவுக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாம் வெளிச்சம் செய்கிற வேலை என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அதுவும் போய்விட்டது. பார்த்துப் பார்த்துச் செய்கிற மருமகளைப் பார்த்து உன் விளக்கு பொய் சொல்கிறது என்று புத்தி சுவாதீனத்தில் இருக்கிற மனிதர் யாராவது சொல்வாரா? இல்லை சார், டாக்டர் சொன்னதுதான் சரி, மாமாவுக்கு உண்மையிலேயே புத்தி பேதலித்துவிட்டது.